பார்ட்டிஷனை அழித்த மகனுக்கு

தர்மபுரி மாவட்டம், அரூர் டவுனில், பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், டீக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே மேசை போட்டு உட்கார்ந்து, இந்தத் தாலுகாவின் சகல மண்ணையும் கையால் தொடாமலே கைமாற்றிக் கொடுத்த பத்திர எழுத்தராகிய நான், பெங்களூரு மாநகரில் மேகங்கள் வந்து ஜன்னலைத் தட்டிவிட்டுப் போகும் உயரத்தில் ஃபிளாட் வாங்கியிருக்கும் என் ஏக குமாரனாகிய உனக்கு, சுய புத்தியுடனும், பிறர் தூண்டுதல் ஏதும் இல்லாமலும் எழுதிக்கொள்ளும் கடிதம் என்னவென்றால்:

உன் புதுமனை புகுவிழாப் பத்திரிகை வந்து சேர்ந்தது. கூரியர்காரன் அதைத் தூக்கமுடியாமல் தூக்கி வந்து மேசையில் வைத்தபோது மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. உறைக்குள் உறை, அதற்குள் பட்டுத்துணி, அதற்குள் ஒரு பிள்ளையார், பிள்ளையாருக்கும் பின்னால் தேடினால் உன் பெயர். அதைப் பிரித்து முடிப்பதற்குள் எதிர் அலுவலகத்தில் ஒரு கிராமமே விற்றுக் கிரயமாகிவிட்டது. பத்திரிகை வந்த அன்றே நீ போனும் செய்தாய். "கலையை எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துருங்கப்பா. நான் போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறா. பால் காய்ச்ச கூடப் பொறந்தவ வேணும்னு மாமனார் வூட்ல கேக்கறாங்க" என்றாய். பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன். போனில் நான் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது. அதனால் எழுதுகிறேன். உன் தங்கை வரமாட்டாள். ஏன் என்பதை ஒரு வரியில் சொல்லலாம்தான். ஆனால் எங்கள் தொழிலில் சொத்து விவரத்துக்கு முன்னால், அது வந்த வழியைச் சொல்லும் பூர்வோத்திரம் எழுதியாக வேண்டும். அது இல்லாத பத்திரம் செல்லாது.

போன ஆயுத பூஜைக்கு நீ வந்திருந்தாய். கலையும் ஏரியூரிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கடைக்குள் என் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கதம்பம் சாற்றி, ஒரு மாரியம்மனைப் போல அலங்காரம் செய்து வைத்திருந்தேன். அதன் குணமும் மாரியம்மன் குணம்தான். அழைத்தவுடன் வரமாட்டாள். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒகேனக்கலுக்குப் பஸ் ஏறி, பரிசலில் சுற்றி, வறுத்த மீன் தின்று, கை கழுவித் திரும்பி வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஒரு முறை பாகம் பிரிக்க வந்த அண்ணன் தம்பிகள், அது ஆன் ஆவதற்குள் சண்டை தீர்ந்து, கட்டிப்பிடித்து அழுது, கூட்டுக் குடும்பமாகவே வீடு திரும்பினார்கள். எனக்கு எழுத்துக்கூலி நட்டம். நீ இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டு, "இந்த ஓ.எஸ்ஸ இன்னைக்கே தூக்கிட்டு புதுசு போட்டுர்லாம்ப்பா" என்று சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் நகம் அளவில் ஒரு பென்டிரைவை எடுத்தாய்.

பூட்டபிள் பென்டிரைவ் என்றாய். பூட்டுவதற்கா என்று கேட்டேன். இல்லை, திறப்பதற்கு என்றாய். திறப்பதற்குப் போய்ப் பூட்டு என்று பெயர் வைத்தவன் எவனோ, அவன் நம்ம ஊர் வில்லங்கச் சான்றிதழ் பார்த்துப் பழகியவனாகத்தான் இருக்க வேண்டும். அம்மனின் கதம்பத்தை எடுத்துக் கீழே போட்டாய். சந்தனத்தை உன் கைக்குட்டையால் துடைத்தாய். பென்டிரைவைச் செருகிவிட்டு, ஒரே பொத்தானை மரங்கொத்தி போலக் கொத்தினாய். திரை நீலமாகி, யார் முதலில் என்று கேட்டது. கோயில் திருவிழாவில் யாருக்கு முதலில் பரிவட்டம் என்று கேட்டு மண்டை உடையுமே, அதே கேள்வி. இத்தனை காலம் உள்ளே குடியிருந்த ஹார்ட் டிஸ்கைக் கீழே தள்ளிவிட்டு, அன்று வந்த பென்டிரைவுக்கு முதலிடம் கொடுத்தாய். வெளியிலிருந்து வந்தது உள்ளே இருப்பதைச் சரிசெய்ய வேண்டுமானால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எனக்கு விளக்கமும் சொன்னாய். அடுத்து, கரையான் புற்று மாதிரி பொடி எழுத்தில் ஒரு பெரிய ஒப்பந்தம் வந்தது. அதன் தலைப்பைக்கூடப் பார்க்காமல் சம்மதம் என்று டிக் அடித்தாய். படிக்க வேண்டாமா என்று கேட்டேன். "யாருமே படிக்க மாட்டாங்கப்பா" என்றாய். மகனே, என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தவன் தூங்கிப்போனாலும், அவனை எழுப்பி, முகத்தில் தண்ணீர் தெளித்து, கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துக்குப் பேனா கொடுப்பேன். உன்னை அப்போதே எழுப்பியிருக்கலாம். கண் திறந்திருந்ததால் விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் பார்ட்டிஷன் வந்தது. அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாகப்பிரிவினை எனக்கா புதிது? கிணற்றைப் பிரித்திருக்கிறேன். கிணற்றுக்குள் இருந்த தவளைகளைப் பிரித்திருக்கிறேன். ஒரு புளியமரத்தில் காலை நிழல் அண்ணனுக்கு, மாலை நிழல் தம்பிக்கு, உச்சிவெயிலில் நிழலே இல்லாத நேரம் இருவருக்கும் பொது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் முன்னால் உன் திரை ஒரு பட்டியலைக் காட்டியது. சி, டி என்று இரண்டு பாகம். இரண்டையும் அழித்து ஒன்றாக்கினால்தான் வேகமாக இருக்கும் என்றாய். அப்போது கலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் பின்னால் வந்து நின்றாள். "டி டிரைவ்ல என்னோடது இருக்குங்கண்ணா" என்றாள்.

அதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது. நீ கேட்கவும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள்தான் இந்தக் கடையில் எனக்குப் பத்திரம் டைப் செய்து கொடுத்தாள். அப்போதிருந்தே அரசு வேலைத் தேர்வுக்குப் படித்தாள். ஏரியூருக்கு வாழப் போன பிறகும், எப்போது இங்கே வந்தாலும் குழந்தையை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு இந்த மேசைக்கு வந்துவிடுவாள். பழைய கேள்வித்தாள்கள், அவளே படித்து அவளே சுருக்கி டைப் செய்து வைத்த குறிப்புகள் எல்லாம் அந்த டி டிரைவில்தான் இருந்தன. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒன்னோடது இங்க என்னா இருக்கு?" என்றாய்.

நீ கம்ப்யூட்டரைப் பற்றித்தான் கேட்டாய், எனக்குத் தெரியும். நான் எழுத்துக்கு எழுத்து அர்த்தம் பார்த்துப் பிழைக்கிறவன். நீ கேட்ட வாக்கியத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல் எங்கும் இல்லை. அவள் குறிப்புகள் என்றாள். நெட்டில் எல்லாம் கிடைக்கும் என்றாய். வேறு எதிலாவது ஏற்றி வைக்க முடியுமா என்று கேட்டாள். நேரம் இல்லை என்றாய். அந்த இயந்திரத்துக்கு இருந்த மரியாதையைப் பார். அதுகூட ஒரு முறை நின்று, இதை அழித்தால் இதில் உள்ளதெல்லாம் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. நீ சம்மதம் கொடுத்தாய். கலை, "சரிங்கண்ணா" என்றாள். அவள் அப்படிச் சொல்லும்போது பழகிய குரல் ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் ஒகேனக்கலில் பரிசல் ஏறியபோது, நடு ஆற்றில் நீ அழுத அழுகையில் காவிரியில் வெள்ளம் ஏறி மேட்டூரில் மதகைத் திறந்துவிட்டார்கள். உன்னைவிடச் சின்னவள், பல்லு விழுந்த வாயோடு உன் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடிக்கங்கண்ணா, நான் பாத்துச் சொல்றேன்" என்றாள். கரை வரும்வரைக்கும் அவள்தான் ஆற்றைப் பார்த்தாள். நீ இறங்கியதும், பயந்தது அவள்தான் என்று பரிசல்காரரிடம் சொன்னாய். அப்போதும் "சரிங்கண்ணா" என்றாள்.

திரையில் பட்டையாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. அது ஊர்ந்து முடிவதற்குள் நாம் ஒரு விஷயம் பேசிவிடலாம் என்றாய். எவ்வளவு சிக்கனம். ஒரு இன்ஸ்டாலேஷன் நேரத்தில் இன்னொரு இன்ஸ்டாலேஷன். ரோட்டோரத்து நிலத்துக்கு ஆள் வந்திருப்பதாகவும், பாட்டன் வழிச் சொத்து என்பதால் என் கையெழுத்தும் கலையின் கையெழுத்தும் இல்லாமல் வாங்குகிறவர் பயப்படுவதாகவும், ஃபிளாட்டுக்கு அதுதான் வழி என்றும் அடுக்கினாய். அவளுக்குக் கல்யாணத்தில் போட்டதுதான் அவள் பங்கு என்றாய். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, என்னைப் பார்த்து, "சும்மா ஒரு கையெழுத்துப்பா" என்றாய். இந்த உலகத்தில் நடந்த நாசங்களில் பாதி சும்மா போட்ட கையெழுத்துகள்தான். நான் கலையைப் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு நிறைந்து, வெள்ளை வெளேர் என்று, மழையில் வரப்பெல்லாம் கரைந்துபோன வயல் மாதிரி ஒரு திரை வந்ததும், "அண்ணனுக்குத் தேவைன்னா போடறேங்கப்பா" என்றாள்.

நான் ஏன் தடுக்கவில்லை என்று அன்றைக்கே உன் அம்மா கேட்டாள். ராசா, இந்த மேசையில் நான் பார்க்காத தங்கச்சிகளா? புதுப் புடவையோடு வருவார்கள். தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போடும் தங்கைக்கு அண்ணன் ஒரு புடவை எடுத்துக் கொடுத்து, முடிந்ததும் ஓட்டலில் ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுப்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். அப்படி வந்துபோன புடவைகளை முடிச்சுப் போட்டால் தீர்த்தமலையைச் சுற்றிக் கட்டி, முந்தானையை அரூர் பஸ் ஸ்டாண்டில் உலர்த்தலாம். அத்தனை பேருக்கும் நான் வாசித்துக் காட்டியிருக்கிறேன். இனி மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை என்ற வரி வரும்போது, எந்தத் தங்கையும் பத்திரத்தைப் பார்ப்பதில்லை. அண்ணனைத்தான் பார்ப்பாள். அவன் முகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பாள். உன் முகத்தில் என்ன இருக்கும் என்று பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. தடுத்திருந்தால் நிலம் மிச்சமாகியிருக்கும், உன்னைப் பார்த்திருக்க முடியாது.

தீபாவளி கழிந்து நீ காரில் வந்தாய். கடைக்குள் நுழையாமல் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து போனில் மூழ்கினாய். உள்ளே எனக்கு ஒரு சங்கடம். நீ புதுசு போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடியது, ஆனால் குதிரைக்குத் தமிழ் தெரியவில்லை. நான் பழகிய பழைய எழுத்துருவை நீ ஏற்றாமல் போய்விட்டாய். என் பத்திர மாதிரிகளை மட்டும் முன்பே சிடியில் போட்டு வைத்திருந்தேன். அதைத் திறந்தால் நாமக்கல் முட்டை லாரி கவிழ்ந்த மாதிரி ஆங்கில எழுத்தும் புள்ளியும் கொம்பும் உடைந்து கிடந்தன. போனில் அடிப்பது போன்ற புது விசைப்பலகை எனக்கு வராது. கலைக்கு வரும். ஆகவே, பெங்களூரு எஞ்சினியர் ஐயா அவர்களே, உங்களுக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தை நான் வாயால் சொல்ல, எழுதிக் கொடுக்கிறவளே உட்கார்ந்து டைப் செய்தாள். குழந்தை அவள் மடியில் தூங்கியது. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.

பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை என்ற வரிக்கு வந்தபோது அவள் விரல் நின்றது. வாசலில் இருந்த உனக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"சொத்து மட்டுமாங்கப்பா, அண்ணனையும் சேத்தா?"

அது என்னைக் கேட்ட கேள்வி இல்லை. நீ போனிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னாய்.

"எல்லாத்தையும் சேத்தே போட்டுரு கலை. பின்னாடி வில்லங்கம் வரக் கூடாது."

அவள் ஒரு நிமிடம் உன்னையே பார்த்தாள். நான் சொன்னேனே, எல்லாத் தங்கைகளும் பார்ப்பார்கள் என்று. அப்புறம் "சரிங்கண்ணா" என்றாள். இந்தத் தடவை அது வேறு குரல். என் சர்வீஸில் எத்தனையோ கட்சிக்காரர்கள் சம்மதம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மனப்பூர்வமான சம்மதம் என்றால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் காதால் கேட்டேன். பத்திரத்தில் சொத்தை மட்டும்தான் எழுத முடியும், சட்டத்தில் அதற்குத்தான் இடம் உண்டு என்று அவளிடம் மெதுவாகச் சொன்னேன். "மீதிய நான் பாத்துக்கறேங்கப்பா" என்றாள். எதிரில் பதிவு அலுவலகத்துக்குள் போனோம். மனசாரத்தான் எழுதிக் கொடுக்கிறாயா என்று கேட்டார்கள். மனசாரத்தாங்க என்று சொல்லிவிட்டு ரேகை வைத்தாள். அவளுக்குப் பிறகு நானும் வைத்தேன்.

வெளியே வந்ததும் நீ காரைத் திறந்துகொண்டே என்ன செய்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்குச் சாகும் வரைக்கும், ஒருவேளை செத்த பிறகும் கொஞ்ச நாள் ஞாபகம் இருக்கும். புடவை எடுக்கலாம் என்று நினைத்ததாகவும், டிராஃபிக்கில் நேரம் போய்விட்டதாகவும் சொன்னாய். சட்டைப் பையைத் தடவினாய். அந்தப் பூட்டபிள் பென்டிரைவை எடுத்து அவள் கையில் வைத்து, "ஒன் பழைய லேப்டாப்புக்கும் இதையே போட்டுக்கலாம், வச்சுக்கோ" என்றாய். தீர்த்தமலையைச் சுற்றிய அத்தனை புடவைகளும் அந்த நிமிடம் அவிழ்ந்து விழுந்தன. கஞ்சன் என்று பேர் வாங்கிய அண்ணன்கள் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். சாயம் போகிற புடவை கொடுத்திருக்கிறார்கள், பெண்டாட்டி வேண்டாம் என்று ஒதுக்கிய புடவை கொடுத்திருக்கிறார்கள். ரோட்டோர நிலத்துக்குப் பதிலாகச் சட்டைப் பையில் கிடந்ததைக் கொடுத்த முதல் அண்ணன் நீதான். இந்தச் சாதனையைப் பாறையில் வெட்டி அரூர் ரவுண்டானாவில் நட வேண்டும்.

அவள் அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நீ போன பிறகு நான் அவளைப் புரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனேன். அழுவாள் என்று பயந்தேன். இரண்டாவது பிளேட் கேட்டாள். குருமா காரம் கம்மி என்று சர்வரிடம் குறை சொன்னாள். கொஞ்ச நாள் கழித்து ஏரியூரிலிருந்து போன் செய்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொடுத்து, ஓடாமல் கிடந்த பழைய லேப்டாப்பை மாப்பிள்ளை பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தாராம். நீ செய்ததைப் பின்னால் நின்று பார்த்தவள் அல்லவா, அவளே பென்டிரைவைச் செருகி, அவளே முதலிடத்தை மாற்றி, பாதி வரைக்கும் வந்துவிட்டாள். ஒப்பந்தத்தை ஆங்கில அகராதி வைத்துப் படித்தாளாம். அந்த ஒப்பந்தம் எழுதப்பட்ட நாளிலிருந்து அதைப் படித்த முதல் ஜீவன் அவளாகத்தான் இருக்கும். "பார்ட்டிஷன் கேக்குதுங்கப்பா, எத்தன பாகம் போடட்டும்?" என்றாள். உன் இஷ்டம் என்றேன். "முழுசும் நானே வச்சுக்கறேன்" என்றாள். இப்போது குறிப்புகளை முதலிலிருந்து டைப் செய்கிறாள். தேர்வில் தேறுவாளா என்பது எனக்குத் தெரியாது. தேறினாலும் தேறாவிட்டாலும் உனக்குத் தகவல் வராது.

ஆக, பால் விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா வருவாள். பெற்றவளுக்கு விடுதலைப் பத்திரம் கிடையாது, அந்தப் பாவத்துக்கு ஆயுள் தண்டனை மட்டும்தான். சாப்பாடு நன்றாக இருக்கும் என்றால் நானும் வருவேன். மூன்று வகைப் பாயசம் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறாய், அதை எழுத்துப்பூர்வமான உறுதிமொழியாக எடுத்துக்கொள்கிறேன். பால் காய்ச்ச ஆள் வேண்டுமானால் ஆன்லைனில் தேடு. எல்லாம் நெட்டில் கிடைக்கும் என்று நீதான் சொன்னாய். உனக்கு நான் கொடுக்கும் ஒரே புத்திமதி இதுதான்: அழிக்கும் முன்னால் இயந்திரம் ஒரு தடவை கேட்கும். மனிதர்களும் ஒரு தடவை கேட்பார்கள், வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரியே கேட்பார்கள். உன் தங்கை கேட்டாள். நீ எல்லாவற்றையும் சேர்த்துப் போடச் சொன்னாய். இதில் அவள் பிசகு எங்கே இருக்கிறது, நீயே சொல்.

போன வாரம் ஏரியூர்ப் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில் உன் மருமகளுக்குக் காது குத்தினார்கள். உனக்குச் சொல்லியனுப்பவா என்று கலையிடம் கேட்டேன். "எதுக்குங்கப்பா, வில்லங்கம்" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் உடைக்கப் போய்விட்டாள். மொட்டை போட்டு, சந்தனம் தடவி, குழந்தை பூசணிப் பிஞ்சு மாதிரி இருந்தது. மாமன் மடிக்காக விரித்த பாயில் வேறு யாரும் உட்கார மனசு வராமல் சொந்தக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். நான் போய் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கித் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டே, "தாய்மாமன் எங்கீங்க?" என்று கேட்டார். கலைதான் சொன்னாள், சாதாரணமாக, உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல.

"அவரு விடுதலை ஆயிட்டாருங்க."

ஆசாரியின் கை அப்படியே நின்றது. நல்ல மனுஷன். கூட்டத்தில் கேட்டால் குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்து, என் காதருகில் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"எத்தன வருசம் உள்ள இருந்தாருங்க?"

"பொறந்ததுல இருந்துங்க" என்றேன். "இப்பத்தான் வெளிய போனான். நீங்க குத்துங்க."